தோளுக்குப் போட்ட மாத்திரை

என் தம்பி கலியனின் வலது தோளில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது. நிஜப் பழம் இல்லை, காய்ப்பு. பெருமாள் வீதி உலா வரும்போது வாகனத் தண்டு அழுந்தி அழுந்தித் திரண்டுபோன சதை. வாகனம் சுமக்கிற எல்லாருக்கும் அது உண்டு. ஆனால் மற்றவர்கள் சட்டை போட்டுக்கொள்வார்கள்.

பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "தறி போடறான்" என்று எங்கள் அப்பா சொல்லி முடிப்பதற்குள் இவன் துண்டை விலக்கித் தோளைக் காட்டிவிட்டான். பெண்ணின் அம்மா அதைக் கட்டி என்று நினைத்துக்கொண்டு, "ஐயோ, ஆஸ்பத்திரிக்குக் காட்னீங்களா?" என்று கேட்டார். அப்படியும் அந்தப் பெண் ஜோதிகா இவனைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய தைரியத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் காந்தா, கலியனின் அக்கா. எட்டாவது வரை படித்தவள். ஒரு பட்டுக் கடையில், தறியிலிருந்து வருகிற புடவைகளை வெளிச்சத்தில் விரித்துக் குறை பார்த்து மடிப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் மனிதர்களையும் விரித்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் குறை சொல்வார்கள். தம்பியைப் பற்றிப் பெருமையாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததையும் எழுத வேண்டியிருப்பதால் பெருமை அங்கங்கே இழை அறுந்து நிற்கும்.

கலியனுக்குப் பகலில் தறி. உற்சவம் வந்துவிட்டால் அவன் ஸ்ரீபாதம் தாங்கி. பெருமாளின் வாகனத்தைத் தோளில் சுமக்கிறவர்களுக்கு அதுதான் பெயர். பலமுள்ளவன் எவனும் போய்த் தூக்கிவிடலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படித் தூக்கினால் அது மூட்டை. தண்டுக்கு அடியில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே காலை ஒரே நேரத்தில் எடுத்து வைக்க வேண்டும். பெருமாள் ஆடாமல் வர வேண்டிய இடத்தில் ஆடக் கூடாது. ஆடி வர வேண்டிய இடத்தில் எல்லாரும் சேர்ந்து ஆட்ட வேண்டும். கருட சேவைக்கு முன்தண்டில் வலது பக்கம் கலியனின் இடம். அப்பாவுக்குப் பிறகு இவனுக்கு வந்தது. அந்த இடத்தை யாராவது அவனிடம் கேட்டால், ஜோதிகாவைக் கேட்டதைவிட அதிகமாகக் கோபப்படுவான் என்று ஜோதிகாவே சொல்லியிருக்கிறாள்.

தண்டு சுமக்கிறவனுக்குத் தோளில் புண் வராமல் இருக்காது. கலியனுக்கும் ஒவ்வொரு உற்சவம் முடிந்ததும் காய்ப்பின் மேல்தோல் வெடித்து நீர் வடியும். மஞ்சள் வைப்பான், வேப்பெண்ணெய் தடவுவான், மல்லாந்து படுக்க முடியாமல் முனகுவான். கொரோனா வந்துபோன பிறகு அந்தப் புண் மாயமாக ஆறிப்போனது. பட்டுப் போலத் தோல். "தடவிப் பாருக்கா" என்று கடைக்கே வந்து காட்டினான். வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், போடா என்று விரட்டினேன்.

தோள் இப்படி ஜொலித்துக்கொண்டிருந்தபோது கோளாறு காலில் தொடங்கியது.

போன வருஷம் அவன் தறியிலிருந்து ஒரு புடவை என் கைக்கு வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் புடவையின் உடலில் அங்கங்கே ஒரு தடித்த கோடு. தறியில் இரண்டு மிதி உண்டு, மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மறந்து ஒரே மிதியை மறுபடி மிதித்துவிட்டால், பாவின் நெடுக்கு இழைகள் திறக்கிற அதே இடைவெளியில் ஊடையின் குறுக்கு இழை இரண்டு போய் உட்கார்ந்துவிடும். பழகுகிற பிள்ளைகள் செய்கிற பிழை அது. சாயங்காலம் நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஏன்டா, எந்த மிதிய மிதிக்கிறன்னு கூடவா தெரியாது உனக்கு?"

"தெரியலக்கா" என்றான்.

நான் திட்டுவதற்கு வைத்திருந்த மீதியை விழுங்கிவிட்டேன். கலியன் எதையும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

"பாதத்துக்கு அடியில பஞ்சு வச்ச மாதிரி இருக்குதுக்கா. மிதி மேல கால் இருக்குதா, பக்கத்துல இருக்குதான்னு குனிஞ்சு பாத்துக்கினு மிதிக்கிறேன்."

ஜோதிகா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "செருப்பு ஒண்ணு வழியிலயே உட்டுட்டு ஒத்தக் கால்ல செருப்போட வராரு அண்ணி. கேட்டா, 'அப்பிடியா?'ன்றாரு. படி ஏறினா மூச்சு வாங்குது. மூஞ்சியப் பாருங்க, வெளுத்த துணி மாதிரி."

ஊர் வைத்தியம் தொடங்கியது. ஒருவர் முருங்கைக்கீரை என்றார். ஒருவர் வாயு என்றார். வந்தவர்களில் அதிகம் பேர் சொன்னது, செம்புக் குடத்தில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடி என்று. கலியன் சிரித்தான். அவன் வீட்டில் குடம் செம்பு, சொம்பு செம்பு, டம்ளர் செம்பு. புளி போட்டுத் தேய்த்து அவை மினுமினுப்பதில் ஜோதிகாவின் கை ரேகை அழிந்துவிட்டது. இது போதாதென்று கோயிலில் தீர்த்தம் வேறு.

அதற்குள் தை மாதம் வந்துவிட்டது. பொங்கலை ஒட்டிப் பெருமாள் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் வரை போய்வருகிற உற்சவம். ஆற்று மணலில் கலியனின் கால் மடங்கியது. வாகனம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள். அசம்பாவிதம் ஒன்றும் இல்லை. ஆனால் தாங்கிகளுக்குத் தலைவர் வரதராஜன் அதைப் பார்த்துவிட்டார். அவர் பார்க்காமல் எறும்புகூட வாகனத்துக்கு அடியில் போக முடியாது.

மறுநாள் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"கலியா, நீ கொஞ்ச நாள் வெளிய இருப்பா."

"இன்னாத்துக்குண்ணே?"

"பெருமாள் பயந்துட்டாரு."

"மணல்ல யாருக்குமே கால் பொதையும்ணே."

"பொதஞ்சா பரவால்லபா. நீ பொதஞ்சதே தெரியாம அடுத்த கால எடுத்து வைக்கிற. வைகாசில கருட சேவை வருது. அதுக்குள்ள கால சரி பண்ணிக்கினு வா. இல்லன்னா உன் எடத்துல இளவரசனப் போட்ருவேன்."

இளவரசனும் தாங்கிதான், நல்ல பையன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் பெயரைச் சொன்னால் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊரிலேயே ஒரு டாக்டர் ரத்தத்தைப் பார்த்தார். ரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி, பி-பன்னிரண்டு சத்து ஊசி போடுங்கள் என்றார். ஊசிகள் ஏறின. தோளில் வேண்டாம், இடுப்பில் போடு என்று நர்ஸோடு சண்டை போட்டதைத் தவிர கலியனிடம் எந்த முன்னேற்றமும் இல்லை. கடைசியில் அந்த டாக்டரே, சென்னையில் நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

நரம்பு டாக்டர் ஒரு அம்மாள். பேச்சு குறைவு. கலியனை இரண்டு காலையும் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடினான். நிமிர்த்திப் பிடித்த சைக்கிளைக் கைவிட்ட மாதிரி பக்கவாட்டில் போனான். நானும் ஜோதிகாவும் பிடித்துக்கொண்டோம்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் கெடையாதுமா. சுகர் இல்ல, பிரஷர் இல்ல. பாக்கு கூடப் போட மாட்டேன்."

எந்தெந்தச் சத்தெல்லாம் இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது அந்த அம்மாள் காகிதத்தையும் இவன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"உங்க ரத்தத்துல தாமிரம் இல்ல. இருக்கிறது ரொம்ப ரொம்பக் கம்மி. அதான் ரத்தம் ஊறல, நரம்பும் கெட்டுப்போச்சு."

கலியனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "செம்பாமா? எங்க வீட்டுக்கு ஒரு தடவ வந்து பாருங்க. பாத்திரக் கட மாதிரி இருக்கும்."

"சாப்பாட்டுல எள்ளு, வேர்க்கடலை, பருப்பு?"

"எல்லாம் துண்றாரு டாக்டர்" என்றாள் ஜோதிகா. "எள்ளுருண்ட பண்ணா டப்பாவே காலி."

"வயித்துல ஆபரேஷன் ஏதாவது?"

"இல்லவே இல்ல."

"அப்ப உள்ள போற தாமிரம் எங்க போகுது?" என்று அந்த அம்மாள் எங்களையே கேட்டார். எட்டாவது படித்த என்னையும் சேர்த்துத்தான் கேட்டார்.

பிறகு நெஞ்சைச் சோதிக்கச் சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் எலுமிச்சம்பழம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரி விளக்கு வெளிச்சத்தில் கம்பீரமாகத்தான் இருந்தது.

"இது என்ன?"

அவ்வளவுதான். நடக்க முடியாமல் வந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தண்டு, கருட சேவை, அப்பா, முன்தண்டு வலது பக்கம் என்று தலபுராணமே சொன்னான். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு பாரம் தாங்குற இடத்துல தோல் வெடிக்காம இருக்கே?" என்றார்.

"அதுக்குத்தான நான் மாத்திர போடறேன்!" என்றான் கலியன் பெருமையாக.

அந்த அம்மாள் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார்.

"மாத்திரையே போடறதில்லன்னு சொன்னீங்களே?"

"நீங்க காலுக்குக் கேட்டீங்கமா. இது தோளுக்கு."

இரண்டு புருவத்தையும் தூக்கி வைத்துக்கொண்டு அந்த அம்மாள் மெதுவாக விஷயத்தை வாங்கினார். கொரோனா காய்ச்சலுக்கு ஒரு பை மாத்திரை கொடுத்தார்களாம். அதில் துத்தநாக மாத்திரையும் இருந்ததாம். ஜிங்க் என்பான் கலியன். காய்ச்சல் போன பிறகும் அதை விடாமல் போட்டிருக்கிறான். புண் ஆறியிருக்கிறது. அன்று முதல் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. உற்சவம் வந்தால் இன்னும் கூட. தீரத் தீர மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறான், வருஷக் கணக்கில். தண்டுக்கும் தோளுக்கும் நடுவில் வைக்கிற துணிச் சுருளோடு சேர்த்துப் பையில் வைத்திருந்ததால் ஜோதிகாவின் கண்ணில்கூடப் படவில்லை. அந்தப் பையை அவள் தொடுவதில்லை. அது பெருமாள் சாமான்.

நான் கேட்டேன். "ஏன்டா, கொரோனா சமயத்துல வீதி உலாவே இல்லியேடா. தோள்ல தண்டு பட்டுதா?"

"இல்ல."

"தண்டு படாத தோள்ல புண்ணு எப்பிட்றா இருக்கும்? அது தானா ஆறிப்போச்சுடா!"

கலியன் என்னைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் இந்த எண்ணம் அவன் வாசல் பக்கம்கூட வரவில்லை என்பது தெரிந்தது. "அப்பறம் உற்சவம் ஆரம்பிச்ச பின்னாடியும் வெடிக்கலியே?" என்றான் பலவீனமாக.

"துணிச் சுருள அப்பதானங்க பஞ்சு வச்சுத் தைச்சுக் குடுத்தேன்" என்றாள் ஜோதிகா.

அந்த அம்மாள் ஒரு தாளை எடுத்துக் குடல் மாதிரி ஒன்று வரைந்து எங்களுக்கு விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நாம் தின்கிற எள், பருப்பு, குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றிலும் துளித் துளியாகத் தாமிரம் இருக்கிறது. உடம்புக்கு வேண்டியதும் துளிதான். அது வயிற்றில் கரைந்து சிறுகுடலின் தொடக்கத்துக்கு வருகிறது. குடலின் உள்சுவரில் இருக்கிற செல்கள் ஒரு வாசல் வழியாக அதை உள்ளே வாங்கி, பின்வாசல் வழியாக ரத்தத்தில் சேர்க்கின்றன. ரத்தத்தில் ஒரு புரதம் அதைச் சுமந்து கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது. கல்லீரல் அதை வேறொரு பெரிய புரதத்தில் ஏற்றி, எலும்பு மஜ்ஜைக்கு, நரம்புக்கு என்று உடம்பு முழுக்க அனுப்பிவைக்கிறது. மிச்சம் பித்தத்தோடு கலந்து வெளியே போய்விடும். இந்தப் பயணத்தில் தாமிரத்தைத் தனியாக அலையவிட மாட்டார்களாம். விட்டால் அது போகிற இடத்தைக் கெடுக்கும். எப்போதும் ஏதாவது ஒரு புரதத்தின் தோளில்தான்.

"பெருமாள் மாதிரியாமா?" என்றான் கலியன்.

"அப்படியே வச்சுக்கோங்க. இப்ப நீங்க என்ன பண்ணீங்கன்னா, துத்தநாகத்த அள்ளி அள்ளிப் போட்டீங்க. அது அளவுக்கு மீறிப் போனா குடல் செல்லு ஒரு காவல் புரதத்த நிறைய உண்டாக்கும். துத்தநாகத்தப் பிடிச்சு வைக்கத்தான் அது வருது. ஆனா தாமிரத்தப் பாத்தா அதவிடக் கெட்டியாப் பிடிச்சுக்கும், விடாது. பின்வாசலுக்கே போக முடியாது."

"பிடிச்சு வச்சுக்கினு இன்னா பண்ணும்?"

"குடல் செல்லுக்கு ஆயுசு சில நாள்தான். அது உதிர்ந்து மலத்தோட போகும்போது பிடிச்ச தாமிரமும் கூடப் போயிடும். நீங்க எத்தன குடம் குடிச்சாலும் இதே கதை."

நான் அதைக் கோயிலாக எண்ணிப் பார்த்தேன். சன்னதியிலிருந்து புறப்பாடு கிளம்புகிறது. வாசலுக்கு வருவதற்குள் பெருமாளை ஒருவன் கட்டிப்பிடித்துக்கொண்டு, அப்படியே புரண்டு குளத்தில் விழுகிறான். தினமும். அவனை ஏவிவிட்ட புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது வேறு யாரும் இல்லை, பரம்பரைத் தாங்கியான என் தம்பி. ஜோதிகா புளி போட்டுத் தேய்த்த செம்பெல்லாம் பளபளவென்று உள்ளே போய்ப் பளபளவென்று வெளியே போயிருக்கிறது.

"அந்த மாத்திரய நிறுத்தணும். இன்னிக்கே" என்றார் டாக்டர்.

"நிறுத்தினா புண்ணு வந்துருமேமா?"

"உங்களுக்குக் கால் வேணுமா, தோல் வேணுமா?"

கலியன் யோசித்தான். அது சுலபமான கேள்வி என்று நினைத்த எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் உட்கார்ந்துகொண்டு உண்மையாகவே யோசித்தான்.

"கால்" என்றாள் ஜோதிகா.

முதலில் தாமிரத்தை ரத்தக் குழாய் வழியாகவே ஏற்றினார்கள், குடல் வாசலை நம்பிப் பயனில்லை என்பதால். பிறகு மாத்திரை. ரத்தம் வாரக் கணக்கில் தேறிவிடும் என்றார் அந்த அம்மாள். நரம்பைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பேனாவை மூடிவிட்டுப் பேசினார். "இதுக்கு மேல கெடாது. ஆனா போனது முழுசாத் திரும்பும்னு சொல்ல மாட்டேன். வர்றது மெதுவாத்தான் வரும்."

"வைகாசிக்குள்ள வந்துருமாமா?"

"நரம்புக்கு வைகாசி தெரியாது" என்றார்.

சொன்னபடியே முகத்தில் ரத்தம் ஏறியது. மூச்சு வாங்குவது நின்றது. கால் மட்டும் பஞ்சிலேயே இருந்தது. கலியன் தினமும் இரண்டு காலையும் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கப் பழகினான். தெருவே நலம் விசாரித்தது. "அண்ணி, உங்க தம்பி தறிக் கம்பத்துல சாஞ்சிக்கினு, 'நிக்கறேன் பாரு, நிக்கறேன் பாரு'ன்றாரு" என்று ஜோதிகா போனில் எனக்குச் செய்தி சொல்வாள். புடவை குறையில்லாமல் வரத் தொடங்கியது. குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே நெய்தான். அவன் கழுத்து வலிக்கு யாரும் மாத்திரை சொல்லிவிடாதீர்கள் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.

கொடியேற்றத்துக்கு முன்னால் வரதராஜன் வந்தார். டாக்டர் செய்த சோதனையைக் கேள்விப்பட்டிருந்தார். தாங்கிகள் இன்னும் சில பேரும் கூட வந்திருந்தார்கள். கலியன் கூடத்துச் சுவர் ஓரமாக நின்றான்.

"கண்ண மூடுப்பா."

மூடினான். கால்கள் சேர்ந்திருந்தன. கைகள் பக்கவாட்டில். அசையாமல் நின்றான். வரதராஜன் அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மூக்குப் பொடியை எடுத்தார்.

"சரி. இளவரசன் கிட்ட நான் சொல்லிக்கிறேன். வந்து உன் எடத்துல நில்லு."

ஜோதிகா காபி போட ஓடினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கலியன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். எல்லாரும் வாசலுக்குப் போன பிறகு கூப்பிட்டான்.

"வரதண்ணே."

"இன்னாபா?"

"சுண்டு விரல் செவுத்துல பட்டுக்கினு இருந்துது."

வரதராஜன் திரும்பி வந்தார்.

"தண்டு தோள்ல இருக்கசொல்ல கீழ குனிஞ்சு பாக்க முடியாதுண்ணே. தரை எனக்குக் கண்ணுலதான் இருக்குது, கால்ல இல்ல. என்னப் போடாத."

வரதராஜன் பொடி டப்பாவைத் திறந்து மூடினார். "செவுத்துல தொட்டா இன்னா, அத ஏன்டா சொல்லித் தொலைக்கிற?" என்று திட்டினார். அப்புறம் குரலை இறக்கி, "தாங்குகட்டைய எடுத்துக்கினு முன்னாடி வரியா?" என்றார்.

வாகனம் வழியில் பூசைக்காக, மண்டகப்படிக்கு நிற்கும்போது தண்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற கட்டை அது. தாங்கிகள் தோளை எடுத்து ஆறுவது அந்த நேரத்தில்தான். கட்டை தோளுயரம் இருக்கும். ஊன்றி நடக்கத் தோதான உயரம் என்று நான் சொன்னால் கலியன் என்னோடு பேச மாட்டான்.

கருட சேவை அன்று விடியலில் தெருவே நிறைந்திருந்தது. கருடன் மேல் பெருமாள் அசையாமல் வந்தார். முன்தண்டில் வலது பக்கம் இளவரசன். ஒரு அடிகூடப் பிசகவில்லை. குறை பார்ப்பது என் தொழில், பார்த்தேன், கிடைக்கவில்லை. அவனுக்கு முன்னால் கலியன், சட்டையில்லாமல், கையில் கட்டையோடு, தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். வாகனம் நின்றதும் கட்டையைத் தண்டுக்கு அடியில் கொடுத்து இரண்டு கையாலும் பிடித்தான். அத்தனை பாரமும் ஒரு நிமிஷம் அவன் பிடியில் நின்றது.

பக்கத்தில் வெளியூர் அம்மாள் ஒருவர், "அவர் மட்டும் ஏன் சும்மா வர்றார்?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில், "அவன் என் தம்பி. தோளப் பாருங்க" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "ஐயோ, எவ்ளோ பெரிய கட்டி! ஆஸ்பத்திரிக்குக் காட்னீங்களா?"

"காட்டியாச்சும்மா" என்றேன். "தோள்ல ஒண்ணும் கொறையில்லன்னு சொல்லிட்டாங்க."